கோலிக்குண்டுப் பையும் விளக்கு மாடமும்: பழ ஈயின் குருத்தணுக்கள் குறித்து ஓர் இழை

வாசகர் கேள்வி, ஜூன் 2

காவேரிப்பட்டணம் பக்கத்தில் எனக்குப் பெங்களூரா மாந்தோப்பு இருக்கிறது. காயைக் குத்திப் புழு வைக்கும் பழ ஈயைத்தான் விஞ்ஞானிகள் நூறு ஆண்டுகளாக ஆய்வகத்தில் வளர்க்கிறார்கள் என்று கல்லூரியில் படிக்கும் என் மகன் சொல்கிறான். அந்த ஈயின் அண்டகத்தில் (முட்டை உண்டாகும் உறுப்பில்) குருத்தணுக்கள், அதாவது பிரிந்து பிரிந்து புதிய செல்களைத் தரும் ஸ்டெம் செல்கள், இருப்பதால்தான் அது சாகும்வரை முட்டையிடுகிறது என்றும் சொன்னான். குருத்தணு தானாகவே பிரிந்துகொள்ளும் என்றால், சுற்றியிருக்கும் உடற்செல்கள் வெறும் பைதானே? விதைக் கேழ்வரகுக்குச் சாக்கு எப்படியோ அப்படி. என் எண்ணம் சரியா?

ஜூன் 2, இரவு

இரண்டு செய்திகளை ஒரே முடிச்சில் கட்டியிருக்கிறீர்கள். முதலில் ஈயைப் பிரித்துவிடுகிறேன். உங்கள் பெங்களூராவைக் குத்துவது பாக்ட்ரோசெரா டார்சாலிஸ். வீட்டு ஈயின் அளவு இருக்கும். பெண் ஈயின் பின்முனையில் ஊசி போன்ற உறுப்பு இருப்பதால் கெடாத காயின் தோலையே துளைத்து உள்ளே முட்டையிடும். ஆய்வகத்தில் வளர்வது ட்ரோசோபிலா மெலனோகாஸ்டர். ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் நீளமும் சிவந்த கண்களும் கொண்டது, புளித்து அழுகத் தொடங்கிய பழத்தையே நாடும். பாலக்கோட்டுத் தக்காளி மண்டியில் நசுங்கிய கூடைகளின்மேல் மொய்க்கும் பொடி ஈக்கள் இந்த இரண்டாவது குடும்பத்தைச் சேர்ந்தவை. தமிழில் இரண்டையும் பழ ஈ என்றே சொல்வதால் உங்கள் மகனுக்கு இந்த மயக்கம் வந்திருக்கலாம். இந்த இழையில் பழ ஈ என்று நான் எழுதினால் அது ஆய்வகத்து ஈ. உங்களுடையதை மாம்பழ ஈ என்று எழுதுகிறேன்.

சாக்கு பற்றிய உங்கள் எண்ணத்தை நான் ஏற்கவில்லை. நாளை விரிவாக எழுதுகிறேன்.

ஜூன் 3, காலை

பெண் பழ ஈக்கு இரண்டு அண்டகங்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் பதினாறு முதல் இருபது முட்டைச் சரங்கள், ஒரு சீப்பு வாழைப்பழம் போல அடுக்கியிருக்கும். சரத்தின் அடிப்பக்கத்தில் முற்றிய முட்டை, அதற்கு மேலே அதைவிட இளையது, அதற்கும் மேலே இன்னும் இளையது என்று ஏறிக்கொண்டே போனால், நுனியில் ஜெர்மேரியம் எனப்படும் சிறு அறை ஒன்றில் போய் முடியும். அந்த அறையின் உச்சியில் இரண்டு அல்லது மூன்று குருத்தணுக்கள் மட்டுமே இருக்கின்றன. அந்தச் சரத்தில் அந்த ஈ வாழ்நாள் முழுவதும் உண்டாக்கும் முட்டைகள் அனைத்தும் அந்த இரண்டு மூன்று செல்களிலிருந்து வந்தவை.

அவை அங்கே தனியாக இல்லை. அறையின் உச்சிக்கு மேலே எட்டு முதல் பத்து வரையான உடற்செல்கள், அதாவது முட்டையாகவோ விந்தணுவாகவோ மாறாத செல்கள், தட்டுகளை அடுக்கியதுபோல் நிற்கின்றன. அதை நுனி இழை என்போம். அதன் அடியில் ஐந்து முதல் ஏழு தொப்பிச் செல்கள் குவிந்திருக்கின்றன; இவையும் உடற்செல்களே. குருத்தணுக்கள் இந்தத் தொப்பிச் செல்களை ஒட்டிக்கொண்டு அமர்ந்திருக்கின்றன. கேட்ஹெரின் என்னும் புரதம் இரு தரப்பிலிருந்தும் நீண்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்கிறது. அந்தப் பிடியைக் குருத்தணுவிலிருந்து நீக்கினால் அது தன் இடத்தை இழந்து வெளியேறிவிடுகிறது என்று 2002ஆம் ஆண்டிலேயே காட்டப்பட்டது.

இப்படிப்பட்ட இடத்துக்கு உயிரியலில் நிச் (niche) என்று ஒரு பெயர் உண்டு. அதை நான் மாடம் என்று தமிழாக்கி மாணவர்களுக்குச் சொல்வது வழக்கம். பழைய மண்சுவர் வீடுகளில் விளக்கு வைக்கச் சுவரிலேயே குடைந்த மாடம் இருக்குமே, அதுதான். காற்று வீசும் திண்ணையில் வைத்தால் அணைந்துவிடும் சுடர், மாடத்தில் வைத்தால் நின்று எரியும். எலும்பு மஜ்ஜையிலுள்ள இரத்தக் குருத்தணுக்களுக்கு இப்படி ஓர் இடம் இருக்க வேண்டும் என்று ஸ்கோஃபீல்ட் 1978இல் ஒரு கருதுகோளாக முன்வைத்தார். அந்த இடத்தைச் செல் செல்லாகச் சுட்டிக்காட்ட முடிந்த முதல் உயிர்களில் ஒன்று இந்தப் பழ ஈ. டிங் ஷியேயும் ஆலன் ஸ்ப்ராட்லிங்கும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு இதற்கு முக்கியமானது.

ஜூன் 3, பிற்பகல்

மாடம் என்ற சொல்லைப் பற்றி ஒரு திருத்தம். சுவரில் உள்ள மாடம் காற்றைத் தடுப்பதோடு சரி. விளக்கோடு அது பேசுவதில்லை. தொப்பிச் செல்கள் பேசுகின்றன. அடுத்த குறிப்பு அதைப் பற்றியது.

ஜூன் 5

தொப்பிச் செல்கள் டிபிபி என்னும் புரதத்தைச் சுரக்கின்றன. ஒட்டி நிற்கும் குருத்தணுவின் மேற்பரப்பில் அதற்கான ஏற்பி இருக்கிறது. புரதம் ஏற்பியில் பட்டதும் உள்ளே ஒரு தொடர் வினை நடந்து, கடைசியில் உட்கருவில் பேம் என்னும் மரபணு அடக்கி வைக்கப்படுகிறது. பேம் இயங்கினால் அந்தச் செல் முட்டையாகும் பாதையில் இறங்கிவிடும். அடங்கியிருக்கும்வரை அது குருத்தணுவாகவே இருக்கும். ஒரு செல் குருத்தணுவாக நீடிப்பதற்குக் காரணம், பக்கத்துச் செல் "இன்னும் வேண்டாம்" என்று விடாமல் சொல்லிக்கொண்டிருப்பதே.

இந்தச் சமிக்ஞை எட்டும் தொலைவு மிகக் குறைவு. ஏறத்தாழ ஒரு செல்லின் அகலம். குருத்தணு பிரியும்போது ஒரு மகள் செல் தொப்பிச் செல்லை ஒட்டியே நிற்கிறது, மற்றது ஒரு செல் அளவு தள்ளிப் போகிறது. அந்தச் சிறு இடைவெளி போதும். தள்ளிப் போனதில் பேம் விழித்துக்கொள்கிறது. பள்ளியில் இதை விளக்க, ஒரு மகள் பிறந்த வீட்டிலேயே தங்கிவிடுகிறாள், இன்னொருத்தி புகுந்த வீடு போகிறாள் என்று சொல்வேன். பிறக்கும்போது இருவருக்கும் வேறுபாடு இல்லை, நிற்கும் இடம்தான் பிரிக்கிறது என்று சொன்னால் பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் உடனே பிடித்துக்கொள்வார்கள்.

பேம் என்பதன் முழுப்பெயர் தமிழில் கோலிக்குண்டுப் பை என்று பொருள்படும். அந்த மரபணு பழுதான ஈயின் முட்டைச் சரத்தில் முட்டையே உண்டாகாது; உருண்டை உருண்டையான முதிராத செல்கள் மட்டும் நிரம்பி, கோலிக்குண்டுகள் அடைத்த பைபோல உப்பியிருக்கும். வெறும் பை என்று நீங்கள் எழுதியதைப் படித்தபோது எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தப் படம்தான். தொப்பிச் செல்களுக்கு அப்பாலும் டிபிபியைச் செயற்கையாக மிகுதியாகச் சுரக்கச் செய்தாலும் இதே நிலை வருகிறது. குருத்தணுக்கள் தொகை தொகையாகப் பெருகுகின்றன, முட்டை இல்லை. சமிக்ஞையை ஏற்க முடியாத குருத்தணுவோ சில நாட்களில் முட்டையாகும் பாதையில் இறங்கி, அந்த இடமே காலியாகிவிடுகிறது. ஆகவே பை என்று ஒப்புக்கொண்டாலும், அது தன்னுள் இருக்கும் விதை எப்போது முளைக்க வேண்டும், எது முளைக்கக் கூடாது என்று முடிவு செய்யும் பையாக இருக்க வேண்டும்.

ஜூன் 6

ஓசூரிலிருந்து ஒரு மாணவி கேட்டிருக்கிறார்: தள்ளிப் போன மகள் செல் நான்கு முறை பிரிந்து பதினாறு செல்களாகும் என்று பாடநூலில் உள்ளதே, அப்படியானால் பதினாறு முட்டைகளா? இல்லை, ஒன்றுதான். பதினாறில் ஒன்று முட்டையாகிறது; மற்றப் பதினைந்தும் செவிலிச் செல்களாகி, தம்மிடமுள்ளதை இடைக்குழாய்கள் வழியாக அந்த ஒன்றுக்கு ஊட்டிவிட்டு மடிகின்றன. செவிலிச் செல்கள் உடற்செல்கள் அல்ல, முட்டையின் உடன்பிறந்தவை. இந்த இழையில் நாம் பேசும் உடற்செல்கள் வேறு.

ஜூன் 6, இரவு

குருத்தணுவை எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்றும் அதே மாணவி கேட்கிறார். செல்லுக்குள் ஓர் உருண்டைப் பொட்டு போன்ற உறுப்பு இருக்கிறது. ஒளிரும் சாயம் ஏற்றினால் தெரியும். குருத்தணுவிலும் அதன் முதல் மகளிலும் அது உருண்டையாக இருக்கும், பிரிந்த கூட்டங்களில் கிளைவிட்டு ஒரு செல்லிலிருந்து மறு செல்லுக்கு ஓடும். தொப்பிச் செல்லைத் தொட்டுக்கொண்டு, உருண்டைப் பொட்டுடன் இருந்தால் அது குருத்தணு.

எனக்கு அந்த வசதி வாய்த்ததில்லை. முதுகலை படிக்கும்போது நான் செய்தது எளிய வேலை. மயங்கிய ஈயை உப்புக் கரைசல் துளியில் வைத்து, இரண்டு ஊசிகளால் வயிற்றைப் பிரித்து, அண்டகத்தை வெளியே எடுத்து, சரம் சரமாகக் கோதிவிட வேண்டும். முதல் மாதம் ஒரு சரம்கூட முழுதாக வரவில்லை. நுனி அறை உறைச் சவ்வுக்குள் ஒட்டிக்கொண்டு அறுந்துவிடும். கையில் மிஞ்சுவது முற்றிய முட்டைகள் மட்டுமே. பூத்தொடுக்கும் பாட்டியிடம் சிக்கிய நாரைப் பிரிக்கக் கற்றவள் நான். அந்தப் பொறுமைதான் பிறகு கைகொடுத்தது. முழுச் சரம் ஒன்று, நுனி இழை கலையாமல், துளிக்குள் விரிந்து கிடந்ததை முதன்முறை பார்த்த நாளை நான் மறக்கவில்லை. தொப்பிச் செல்கள் அந்த நுண்ணோக்கியில் தெரியவில்லை என்றாலும், அவை இருக்கும் இடம் தெரிந்தது.

ஜூன் 9

ஜூன் 3 குறிப்பில் நான் வேண்டுமென்றே விட்டுவிட்ட செல்கள் சில உண்டு. அவற்றைப் பற்றிப் பல ஆண்டுகள் தவறாகக் கற்பித்தேன் என்பதால் அதை இங்கே தனியாக எழுதிவைக்க விரும்புகிறேன்.

தொப்பிச் செல்களுக்குக் கீழே, அறையின் சுவரை ஒட்டி, வேறொரு வகை உடற்செல்கள் வரிசையாக இருக்கின்றன. மெல்லிய நீண்ட கைகளை நீட்டி, முட்டையாகத் தொடங்கிய செல்கூட்டங்களை இவை சுற்றிப் பொதிகின்றன. இவற்றுக்கு வழித்துணைச் செல்கள் என்று பொருள்படும் பெயர் வைத்தார்கள். 2005ஆம் ஆண்டு வெளியான ஓர் ஆய்வு, இந்தச் செல்களுக்கும் தனியே குருத்தணுக்கள் இருப்பதாகவும், இவை செல்கூட்டத்தோடு சேர்ந்து கீழே நகர்ந்து பாதி வழியில் உதிர்ந்துவிடுவதாகவும் கருதியது. பெண்ணோடு புகுந்த வீடுவரை போய்விட்டுத் திரும்பும் துணைப்பெண் போல என்று நானும் அதை அழகாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

2011இல் வந்த இரண்டு ஆய்வுகள் அதை மாற்றின. உயிருள்ள சரத்தைத் தொடர்ந்து படம் பிடித்துப் பார்த்தபோது இந்தச் செல்கள் நகரவே இல்லை. நின்ற இடத்தில் நிற்கின்றன. தம்மைத் தாமே அரிதாகப் பிரித்து ஈடுசெய்துகொள்கின்றன. நகர்வது செல்கூட்டம் மட்டுமே. ஒரு செல்லின் கைகள் அதை விட, அடுத்த செல்லின் கைகள் அதை வாங்கிக்கொள்கின்றன. வழித்துணை என்ற பெயர் நிலைத்துவிட்டது, ஆனால் வழிநெடுகத் தண்ணீர்ப்பந்தல் வைத்துக் காத்திருப்பவர்கள் என்பதே உண்மைக்கு நெருக்கமானது. நான் ஓய்வு பெற்ற பிறகே இதைப் படித்தேன். அதற்குள் எத்தனை பிள்ளைகள் என் குறிப்பேட்டைப் படியெடுத்திருப்பார்கள் என்று நினைத்தால் மனம் சங்கடப்படுகிறது.

ஜூன் 9, இரவு

மேலே எழுதியதில் முக்கியமானதைச் சொல்லாமல் முடித்துவிட்டேன். தொப்பிச் செல்களும் வழித்துணைச் செல்களும் எதிரெதிரான வேலை செய்கின்றன. முன்னவை "இரு" என்கின்றன, பின்னவை "போ" என்கின்றன. வழித்துணைச் செல்களின் கைகள் குறுகிப்போனால், தள்ளிப் போன மகள் செல் முட்டையாகாமல் இடைவழியிலேயே தேங்கிவிடுகிறது. இரண்டு வகையும் உடற்செல்களே, இருக்கும் அறையும் ஒன்றே. பாதுகாப்பு என்ற ஒரே சொல்லால் இரண்டையும் குறித்தால் விஷயம் மறைந்துவிடும்.

இந்தக் கொடுக்கல் வாங்கல் ஒருவழிப் பாதையும் அல்ல. முட்டையாகத் தொடங்கிய செல்கள் ஒரு சமிக்ஞையை வெளியிட, அதை வாங்கும் வழித்துணைச் செல்கள் கை நீட்டுகின்றன; டிபிபியைப் பிடித்து வைக்க உதவும் டேலி என்னும் புரதத்தைத் தம்மிடம் குறைத்தும் கொள்கின்றன. அதனால் "இரு" என்னும் கட்டளை உச்சியோடு நின்றுவிடுகிறது. செல்கூட்டமே தன்னைப் போகவிடும்படி துணையைக் கேட்டுக்கொள்கிறது என்று இதைச் சொல்லலாம்.

ஜூன் 11

கேள்வி கேட்ட மாந்தோப்புக்காரர் இன்று எழுதியிருப்பது: "சாக்கு என்று சொன்னதை விட்டுவிடுகிறேன். ஆனால் விதை முதலா, சாக்கு முதலா?"

நல்ல கேள்வி. விதை முதலில். பழ ஈயின் கருவில் பின்முனையில் தோன்றும் சில செல்கள் மற்றவற்றுக்கு முன்பே தனியாக ஒதுங்கிவிடுகின்றன; அவையே வருங்கால இனச்செல்கள். அப்போது அண்டகமும் இல்லை, விந்தகமும் இல்லை. உருவாகிவரும் குடலுக்குள் புகுந்து, அதன் சுவரைக் கடந்து, கருவின் இருபுறமும் காத்திருக்கும் உடற்செல்களை அவை தேடிப் போகின்றன. அந்த உடற்செல்களே அவற்றை ஈர்க்கின்றன. அதற்கு ஒரு நொதி தேவை என்று 1998இல் கண்டார்கள். நம் வீட்டுப் பெரியவர்கள் கொழுப்பைக் குறைக்க இரவில் விழுங்கும் ஸ்டேட்டின் மாத்திரை நம் உடலில் எந்த நொதியை அடக்குகிறதோ, அதே வகை நொதி. சேர்ந்த பிறகு உடற்செல்கள் இனச்செல்களைச் சுற்றிப் பொதிய வேண்டும். அதற்குத் தேவையான மரபணு ஒன்றின் பெயர் போக்குவரத்து நெரிசல் என்று பொருள்படும். அது பழுதானால் இரு தரப்பும் கலக்காமல் தனித்தனியே நின்றுவிடுகின்றன, ஈ மலடாகிறது.

ஜூன் 14

பாலக்கோட்டுத் தம்பி ஒருவர், பெண் ஈயைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே என்று கேட்டிருக்கிறார். ஆண் ஈயின் விந்தகத்தில் அமைப்பு வேறு மாதிரி, ஒருவகையில் இன்னும் தெளிவானது.

மாட்டுவண்டிச் சக்கரத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நடுவில் குடம், அதிலிருந்து நாலாபுறமும் ஆரக்கால்கள். விந்தகத்தின் நுனியில் பத்துப் பன்னிரண்டு உடற்செல்கள் சேர்ந்து குடம்போல இருக்கின்றன. ஆறு முதல் ஒன்பது குருத்தணுக்கள் அதைச் சுற்றிலும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒவ்வொரு குருத்தணுவையும் இரண்டு உறைக் குருத்தணுக்கள் அணைத்திருக்கின்றன. இவை உடற்செல் வகையின் குருத்தணுக்கள். இங்கே குடத்திலிருந்து வரும் முதன்மையான சமிக்ஞைப் புரதம் வேறு, அது தூண்டும் பாதையும் வேறு. 2001இல் ஒரே நேரத்தில் இரண்டு குழுக்கள் அதைக் கண்டறிந்தன. உறைக் குருத்தணுக்களும் சும்மா நிற்பதில்லை, குருத்தணு நிலைத்திருக்கத் தேவையான சமிக்ஞையைக் குடத்தோடு சேர்ந்து தாமும் தருகின்றன. குருத்தணு பிரிந்து ஒரு மகள் விலகும்போது, இரண்டு உறைச் செல்கள் அதை இருபுறமும் பொதிந்துகொண்டு, விந்தணுவாகும் வரை பிரியாமல் கூடவே போகின்றன. ஜூன் 9 அன்று பெண் ஈக்குச் சொல்லித் தவறான வழித்துணை உவமை ஆண் ஈயின் உறைச் செல்லுக்குச் சரியாகப் பொருந்துகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் மனித விந்தகத்தில் விந்தணுக்களைப் பேணும் செர்டோலி செல்களைப் படித்தவர்களுக்கு இதன் பணி உடனே விளங்கும்.

இங்கும் நான்கு பிரிவுகளில் பதினாறு செல்கள்தான். ஆனால் செவிலி யாரும் இல்லை. பதினாறும் குன்றல் பிரிவுக்குப் போய், ஒவ்வொன்றும் நான்காகி, 64 விந்தணுக்களாகின்றன.

எந்த மகள் தங்க வேண்டும் என்பதை ஆண் ஈ வாய்ப்புக்கு விடுவதில்லை. செல் பிரியும்போது அதன் இரு முனைகளாக நிற்பவை சென்ட்ரோசோம்கள். பிரிவதற்கு முன்பே குருத்தணுவின் சென்ட்ரோசோம்களில் ஒன்று குடத்தை ஒட்டி நிலைகொள்கிறது, மற்றொன்று எதிர்ப்பக்கம் நகர்கிறது. அதனால் அவற்றுக்கிடையே ஓடி மரபுப்பொருளைப் பிரித்து இழுக்கும் கதிர் எப்போதும் குடத்துக்குச் செங்குத்தாக அமைகிறது, ஒரு மகள் கட்டாயம் வெளியே விழுகிறது. யுகிகோ யமாஷிதாவும் உடன் ஆய்ந்தவர்களும் 2003இல் இதைக் காட்டினார்கள். அவருடைய குழுவே 2015இல் இன்னொன்றையும் கண்டது. குருத்தணுவிலிருந்து மிக நுண்ணிய குழல்கள் குடத்துக்குள் நீண்டு, தமக்கு வேண்டிய சமிக்ஞையை அங்கேயே போய்ப் பெற்றுக்கொள்கின்றன. சமிக்ஞை பக்கத்தில் பரவாமல் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். வாய்க்காலில் தண்ணீர் வரும் என்று காத்திராமல் ஏரிக்குள்ளேயே குழாய் இறக்குவது போன்றது.

ஜூன் 15

வெயில் பற்றி ஒரு சிறு குறிப்பு. பழ ஈக்கு உகந்தது 25 டிகிரி செல்சியஸ். அந்த வெப்பத்தில் முட்டையிலிருந்து பத்து நாளில் முழு ஈ வந்துவிடும். 30 டிகிரியைத் தாண்டினால் ஆண் ஈக்கள் பறக்கும், தின்னும், கூடும், ஆனால் மலடாகிவிடும். தர்மபுரியில் ஏப்ரல் மாதத்து வகுப்பறையில் நான் வைத்திருந்த புட்டிகளில் இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து புழுவே காணவில்லை. மாணவர்கள் உணவைக் குறை சொன்னார்கள், நானும் ரவையை மாற்றிப் பார்த்தேன். பிறகு ஈர மணலில் பதித்த மண்பானைக்குள் புட்டிகளை வைத்தபோதுதான் தலைமுறை தொடர்ந்தது.

ஜூன் 19

உணவைப் பற்றிப் பேச்சு வந்ததால், மாடத்துக்கு வெளியே இருக்கும் உடலையும் சொல்ல வேண்டியிருக்கிறது. இதுவரை நான் எழுதியது பக்கத்து வீட்டுச் செல்களின் உதவியை மட்டுமே. தொலைவிலிருந்தும் உதவி வருகிறது.

புரதம் நிறைந்த உணவு தின்ற ஈக்கும் புரதம் குறைந்த உணவு தின்ற ஈக்கும் முட்டை உற்பத்தியில் அறுபது மடங்கு வேறுபாடு இருந்ததாக 2001இல் டிரம்மண்ட்-பார்போசாவும் ஸ்ப்ராட்லிங்கும் எழுதினார்கள். பட்டினியில் குருத்தணுவின் பிரிவு வேகம் தணிகிறது. முட்டையாகத் தொடங்கியவையும் இரண்டு குறிப்பிட்ட கட்டங்களில் அழிக்கப்படுகின்றன. ஈ உண்ட செய்தியை மூளையிலுள்ள சில செல்கள் இன்சுலின் போன்ற புரதங்களாக அனுப்புகின்றன. அவை குருத்தணுவை நேரடியாகவும் எட்டுகின்றன, தொப்பிச் செல்களையும் எட்டுகின்றன. இன்சுலின் சமிக்ஞை குறைந்தாலோ வயது ஏறினாலோ தொப்பிச் செல்களின் எண்ணிக்கை குறைகிறது. மாடம் சுருங்கினால் அதில் அமரும் குருத்தணுக்களும் குறைகின்றன.

என் மாணவர்கள் இதைத் தட்டுகளில் செய்து பார்த்தார்கள். ரவை, வெல்லம், அகர் கலந்த கூழ் எல்லாவற்றுக்கும் பொது. பாதித் தட்டுகளில் மட்டும் அடுமனையில் வாங்கிய ஈஸ்ட்டைக் குழைத்துத் தடவினோம். நான்காம் நாளே வேறுபாட்டைக் கண்ணால் பார்க்க முடிந்தது. ஈஸ்ட் தட்டில் அரை மில்லிமீட்டர் முட்டைகள் உடைந்த அரிசிக் குருணைபோல் சிதறிக் கிடந்தன; மற்றதில் தேடித் தேடி எண்ண வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு இதை அனுப்பினோம். ஈ வளர்ப்பது சுகாதாரக்கேடு என்று சொல்லி வாசலிலேயே திருப்பி அனுப்பினார்கள். அந்தப் பிள்ளைகள் பேருந்தில் தட்டுகளை மடியில் வைத்துக்கொண்டு திரும்பியதை நினைத்தால் எனக்கு இன்றும் ஆறவில்லை.

ஜூன் 23

பிறந்த வீடு, புகுந்த வீடு என்ற ஜூன் 5 உவமையைத் திரும்பப் படித்தேன். அது மூன்று இடங்களில் பொருந்தவில்லை.

முதலாவது, போனவள் திரும்பி வர முடிகிறது. ஆண் ஈயின் விந்தகத்தில் குடத்தின் சமிக்ஞையைத் தற்காலிகமாக முடக்கினால் குருத்தணுக்கள் எல்லாம் முதிர்ந்து தீர்ந்துவிடுகின்றன. சமிக்ஞையை மீட்டுக்கொடுத்தால், ஏற்கெனவே பிரியத் தொடங்கியிருந்த செல்கூட்டங்கள் உடைந்து தனிச்செல்களாகி, குடத்தருகே வந்து மறுபடி குருத்தணுக்களாகின்றன. பெண் ஈயிலும் இத்தகைய மீட்சியைக் கண்டார்கள். இரண்டு ஆய்வுகளும் 2004இல் வெளியாயின. குருத்தணு என்பது பிறவியால் வரும் தகுதி என்று நம்பியிருந்தவர்களுக்கு இது பெரிய அதிர்ச்சி. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது.

இரண்டாவது, தங்கியவள் நிரந்தரமாகத் தங்குவதில்லை. பெண் ஈயின் குருத்தணுக்களில் பாதி நான்கைந்து வாரங்களில் இடத்தை இழந்துவிடுகின்றன. ஓர் இடம் காலியானால் பக்கத்துக் குருத்தணு தன் பிரிவின் திசையைத் திருப்பி, இரண்டு மகள்களையும் மாடத்திலேயே அமர்த்திக்கொள்கிறது.

மூன்றாவது, தங்குவதற்குப் போட்டி நடக்கிறது. பேம் பழுதான குருத்தணு கேட்ஹெரினை மிகுதியாக வைத்துக்கொண்டு, தொப்பிச் செல்லை இறுகப் பற்றி, நல்ல நிலையிலுள்ள பக்கத்துக் குருத்தணுவை மெல்ல மெல்ல வெளியே தள்ளிவிடுகிறது. பற்றிக்கொள்ளும் வலிமை முட்டை தரும் தகுதியைக் காட்டுவதில்லை. மாடத்துக்கு அந்த வேறுபாடு தெரியாது. இறுகப் பற்றியதற்கு இடம் கொடுக்கிறது. உடற்செல்களின் துணை குறித்து நான் இவ்வளவு பரிந்து எழுதியபோது இந்தக் குறையையும் சேர்த்தே சொல்லியிருக்க வேண்டும்.

ஜூன் 24

விதையே இல்லாமல் போன மாடம் என்ன ஆகும் என்று தம்பி கேட்கிறார். தொப்பிச் செல்கள் உடனே கலைவதில்லை. பல நாட்கள் வரை நின்று சமிக்ஞையை அனுப்பிக்கொண்டிருக்கின்றன. இனச்செல் அல்லாத வேறு உடற்செல்கள் அந்த வெற்றிடத்துக்கு வந்து, அந்தச் சமிக்ஞையைக் கேட்டுப் பிரியத் தொடங்குவதை 2003இல் பார்த்திருக்கிறார்கள். அவற்றால் முட்டை தர முடியாது.

ஜூன் 28

மாந்தோப்புக்காரரின் அடுத்த கேள்வி பயன் சார்ந்தது: மாடத்தைக் கெடுத்து மாம்பழ ஈயை ஒழிக்க முடியாதா?

தோப்பில் நடைமுறையில் இருப்பது அதுவன்று. மீதைல் யூஜெனால் நனைத்த கட்டையைப் பொறியில் தொங்கவிடுகிறோம். அது ஆண் ஈக்களை மட்டுமே இழுக்கும். ஓர் ஆண் பல பெண்களோடு கூட முடியும் என்பதால், ஆண்களில் பெரும்பகுதியைப் பிடித்தாலன்றிப் பயன் தெரியாது. ஒருவர் மட்டும் வைத்து, பக்கத்துத் தோப்புக்காரர் வைக்காவிட்டால் காசு வீண். உதிர்ந்த காய்களை அன்றன்று பொறுக்கி அழிப்பது இதைவிட முக்கியம். புழு காயிலிருந்து இறங்கி மண்ணுக்குள்தான் கூட்டுப்புழுவாகிறது.

இனப்பெருக்கத்தையே கெடுக்கும் முறையும் ஒன்று உண்டு. கூட்டுப்புழுவுக்குக் கதிர்வீச்சு கொடுத்து மலட்டு ஆண்களைப் பெருந்தொகையாக வெளியே விடுவார்கள். ஜப்பானின் ஒகினாவாவில் பாகற்காய், பூசணி வகைகளைத் தாக்கும் பழ ஈயை இப்படியே 1993இல் முழுமையாக ஒழித்தார்கள். அளவான கதிர்வீச்சு இனச்செல்களின் மரபுப்பொருளை உடைக்கிறது; பெரும்பாலும் பிரிந்து முடித்துவிட்ட உடற்செல்களோ தாங்கிக்கொள்கின்றன. அதனால் அந்த ஆண் பறக்கிறது, இணை தேடுகிறது, கூடுகிறது, அந்தக் கூடலில் பிறக்கும் கரு வளராமல் மடிகிறது. உடல் நலமாகவும் விதை கெட்டும் இருக்கும் நிலை அது. நாம் இதுவரை பேசிய துணையுறவின் மறுபக்கம்.

ஜூலை 1

ஜூன் முதல் வாரத்திலேயே உதிர்ந்த பெங்களூரா காய்கள் எட்டை இரண்டு வாளிகளில் மணல் பரப்பி வைத்து, மேலே கொசுவலைத் துணி கட்டியிருந்தேன். மாம்பழ ஈக்கள் வெளிவந்துவிட்டன. அன்றே வெளிவந்த பெண் ஈக்கள் இரண்டை உப்புத் துளியில் வைத்துத் திறந்தேன். கை நடுங்கினாலும் பழக்கம் விடவில்லை. அண்டகம் இருப்பதே தெரியவில்லை. இரண்டு வெளிறிய நூல்முடிச்சுகள், அவ்வளவுதான். முதல் வாளியின் ஈக்களுக்கு வெல்லத் தண்ணீர் மட்டும், இரண்டாம் வாளிக்கு வெல்லத்தோடு ஈஸ்ட்.

ஜூலை 12

முதல் வாளியின் பெண் ஈ ஒன்றை இன்று திறந்தேன். பன்னிரண்டு நாளாகியும் நூல்முடிச்சு சற்றே பருத்திருக்கிறது, சரங்களை எண்ணும் அளவுக்கு இல்லை. இரண்டாம் வாளியின் ஈயில் வயிற்றைப் பிரித்ததும் அண்டகங்கள் தாமே பிதுங்கி வெளியே வந்தன. சரங்கள் ஒவ்வொன்றிலும் அடிப்பக்கம் வெள்ளை முட்டைகள், மேலே மேலே இளையவை, நுனி கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு மெலிந்து மறைகிறது. கேள்வி கேட்டவரும் அவர் மகனும் பார்க்க விரும்பினால் இரண்டாம் வாளியில் இன்னும் ஏழு பெண் ஈக்கள் இருக்கின்றன. ஞாயிறு மாலை நான்கு மணிக்குள் வர வேண்டும். அதற்கு மேல் திண்ணையில் நுண்ணோக்கிக்கு வெளிச்சம் போதாது.